“கொஞ்ச நேரம் பார்ப்போம்” என்று நிர்வாகம் சொன்னால்? பள்ளிச் செவிலியர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மருத்துவ அறையில் செவிலியர் ஒன்று சொல்கிறார், அலுவலக அறையிலிருந்து வேறொன்று வருகிறது. நானும் பல வருடங்கள் அந்த மருத்துவ அறையில் இருந்தவள். அதனால் எந்தப் பக்கமும் சாராதவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் எல்லாக் கேள்விக்கும் செவிலியர் பக்கமே நிற்கவும் இல்லை. படித்துப் பாருங்கள்.

கேள்வி: நிலக்கடலை அலர்ஜி உள்ள எட்டு வயதுச் சிறுமி. ஒரு பிஸ்கட் சாப்பிட்ட பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு, இரண்டு முறை வாந்தி. நான் அட்ரினலின் பேனாவை (மருந்து நிரப்பிய பேனா வடிவ ஊசி) எடுத்தேன். துணை முதல்வர், “முதலில் பெற்றோருக்குப் போன் போடுங்கள், அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பார்ப்போம்” என்றார். நான் கேட்காமல் ஊசியைப் போட்டுவிட்டேன். குழந்தை நலம். ஆனால் நடைமுறையை மீறியதாக எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

பதில்: நீங்கள் செய்தது சரி. அலர்ஜி இருப்பது தெரிந்த குழந்தை, தோலிலும் வயிற்றிலும் ஒரே நேரத்தில் அறிகுறி. உயிருக்கே ஆபத்தான இந்தக் கடும் அலர்ஜிக்குப் பெயர் அனாஃபிலாக்சிஸ், இதற்கு முதல் மருந்து அட்ரினலின்தான். அலர்ஜி மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அதுவும் வேலை செய்ய அரை மணி நேரமாவது எடுத்துக்கொள்ளும். மூச்சுக்குழாய் வீங்குவதையும் இரத்த அழுத்தம் சரிவதையும் அது தடுக்காது. அட்ரினலின் சில நிமிடங்களிலேயே இரண்டையும் தடுக்கத் தொடங்கும். தேவையில்லாமல் போட்டுவிட்டால்கூட, நல்ல உடல்நிலையில் உள்ள குழந்தைக்குக் கொஞ்ச நேரம் படபடப்பும் கை நடுக்கமும் இருக்கும், அவ்வளவுதான். தேவைப்படும்போது தாமதித்தால் உயிரே போகலாம். இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தவர் நீங்கள். அதற்குத்தான் உங்களை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருவோம். கோபத்தோடு பதில் எழுதாதீர்கள். நேரவாரியாக எழுதுங்கள்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், எப்போது எந்த அறிகுறி, எப்போது ஊசி, எப்போது ஆம்புலன்ஸ், எப்போது பெற்றோருக்குத் தகவல். மருத்துவர் கையெழுத்திட்ட அவசரகாலத் திட்டம் அந்தக் குழந்தைக்கு இருந்தால் அதன் நகலை இணையுங்கள். துணை முதல்வரைப் பற்றி ஒரு பெயரடைகூட வேண்டாம். அவர் சொன்னதை, சொன்ன நேரத்தோடு எழுதினால் போதும்.

கடைசியில் ஒரு கோரிக்கை வையுங்கள்: பள்ளியின் நடைமுறையில் வரிசை தெளிவாக எழுதப்பட வேண்டும். தொடையின் வெளிப்பக்கத்தில் பேனா முதலில். குழந்தையை எழுந்து நடக்க விடாமல் படுக்க வைப்பது, மூச்சுத் திணறினால் உட்கார வைப்பது. உடனே ஆம்புலன்ஸ். 5 முதல் 15 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி. பெற்றோருக்குப் போன் இதற்கெல்லாம் பிறகு, அல்லது இன்னொருவர் கையில் அதே நேரத்தில். குழந்தை தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், ஏனென்றால் சில மணி நேரம் கழித்து அலர்ஜி திரும்பவும் தாக்கலாம். இந்த வரிசை முன்கூட்டியே தாளில் இருந்திருந்தால் அன்று உங்களுக்கும் அவருக்கும் வாக்குவாதமே வந்திருக்காது.

கேள்வி: கால்பந்து இறுதிப் போட்டி. எங்கள் வீரன் தலையில் இடிபட்டு அரை நிமிடம் தள்ளாடினான். எந்த அணியோடு ஆடுகிறோம் என்று கேட்டதற்கு முழித்தான். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டான். முதல்வரும் பயிற்சியாளரும் “இப்போ நல்லா இருக்கானே” என்று இறக்கிவிடச் சொல்கிறார்கள். நான் அளவுக்கு மீறி பயப்படுகிறேனா?

பதில்: இல்லை. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்துவிட்டால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது. இது உங்கள் சொந்த அபிப்பிராயம் அல்ல. விளையாட்டுத் தலைக்காயம் பற்றி 2008-இல் சூரிக்கில் கூடிய நிபுணர்கள் பிள்ளைகளை அதே நாளில் திரும்ப இறக்கக் கூடாது என்றார்கள். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடியவர்களும் அதையேதான் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் தெளிவது எதையும் நிரூபிக்காது. மூளை அதிர்ச்சியில் ஸ்கேன்கூடப் பெரும்பாலும் சாதாரணமாகவே வரும், ஏனென்றால் அடிபட்டிருப்பது மூளையின் செயல்பாடு. சில அறிகுறிகள் மணிக்கணக்கில் கழித்துத்தான் தலைகாட்டும்.

2006-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன் தலையில் அடிபட்ட பிறகு அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கினான். மூளையில் இரத்தக் கசிவு. பிழைத்தான், ஆனால் எழுந்து நடக்கப் பல வருடப் போராட்டம். 2009-இல் அந்த மாநிலம் அவன் பெயராலேயே சட்டம் கொண்டுவந்தது: சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது. 2014-க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இதுபோன்ற சட்டம் வந்துவிட்டது.

நான் ஒரு முறை விட்டுக்கொடுத்திருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிது, மைதானத்தில் எல்லோர் முன்னாலும் “சிஸ்டர், சும்மா பயமுறுத்தாதீங்க” என்றார் ஒரு நிர்வாகி. நான் ஒதுங்கி நின்றேன். அந்தப் பையன் மீதி ஆட்டத்தை ஆடினான், அன்று இரவு வாந்தி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனான். தேறிவிட்டான். ஆனால் அந்த இருபது நிமிடம் கோட்டுக்கு வெளியே நான் நின்றது இன்னும் மறக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், அந்த நேரத்தில் நீண்ட விளக்கம் எடுபடாது. மருத்துவமனைக் குழுக்களில் பழக்கிக் கொடுக்கும் மூன்று படிகள் உண்டு. “எனக்குக் கவலையாக இருக்கிறது.” கேட்கவில்லையா, “இதற்கு என்னால் சம்மதிக்க முடியாது.” அதற்கும் அசையவில்லையா, “இது பிள்ளையின் பாதுகாப்புப் பிரச்சினை, நிறுத்துங்கள்.” குரலை உயர்த்த வேண்டாம், வார்த்தையை மட்டும் உயர்த்துங்கள். அப்புறம் பெற்றோரிடம் நீங்களே நேரடியாகச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, வலிப்பு, கைகால் பலவீனம் இவற்றில் ஒன்று வந்தாலும் நேரே அவசர சிகிச்சைக்கு.

கேள்வி: நான் ஒரு பள்ளி முதல்வர். முதல் வகை நீரிழிவு உள்ள மாணவியை இரண்டு நாள் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகக் கூடாது என்கிறார் எங்கள் செவிலியர். நான் அழைத்துப் போக விரும்புகிறேன். இது அவருடைய தொழில் முடிவில் தலையிடுவதா?

பதில்: போகலாமா என்பதில் நான் உங்கள் பக்கம். எப்படிப் போவது என்பதில் அவர் பக்கம். நோய் இருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைப்பது மருத்துவ முடிவு ஆகாது. செவிலியர்களும் சில சமயம் பயத்தில் இந்தத் தவறைச் செய்கிறோம். அவரிடம் “ஏன் முடியாது” என்று கேட்காதீர்கள், “எதெல்லாம் இருந்தால் இவள் வரலாம்” என்று கேளுங்கள். அவர் தரும் பட்டியலில் கை வைக்காதீர்கள்.

அந்தப் பட்டியலில் இவையெல்லாம் இருக்கும்: இரத்தச் சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் வேகமாகக் கரையும் சர்க்கரை, 15 நிமிடத்தில் மறுபரிசோதனை. சர்க்கரை இறங்கிய பிள்ளையை ஓய்வறைக்குக்கூடத் தனியாக அனுப்பக் கூடாது. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் குளுகோகான் (சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்து), ஆம்புலன்ஸ். குளுகோகான் பையை யார் சுமக்கிறார், அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார் என்பது பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். “இந்த ஆசிரியருக்கு இன்னும் பயிற்சி போதாது” என்று செவிலியர் சொன்னால் அதை நீங்கள் மாற்ற முடியாது. ஒரு மருத்துவ வேலையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்பது அவர் பொறுப்பேற்றுச் செய்யும் முடிவு. வேறு ஆசிரியரைத் தேடுங்கள், அல்லது செவிலியரையே கூட அனுப்புங்கள்.

கேள்வி: பேன் ஈறு இருக்கும் பிள்ளைகளை உடனே வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது நிர்வாகம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பதில்: ஒப்ப வேண்டியதும் இல்லை. பேன் தாவாது, பறக்காது, நோயையும் பரப்பாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், ஈறு இருப்பதற்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கும் விதியையே கைவிடச் சொல்கிறது. கண்டுபிடிக்கும் நாளுக்கு முன்பே அந்தப் பேன் பல வாரங்கள் தலையில் இருந்திருக்கும், மாலை வரை இருந்தால் ஒன்றும் ஆகாது. மாலையில் பெற்றோருக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் நம் தொழில் பள்ளிக்குள் வந்ததே இதற்காகத்தான். 1902-இல் நியூயார்க்கில் பேன், சொறி, கண்நோய் என்று பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், வைத்தியம் பார்க்க யாரும் இல்லை. அங்கே ஏழைகளுக்குச் செவிலியம் செய்துவந்த லிலியன் வால்ட் சொல்லி லினா ரோஜர்ஸ் என்ற செவிலியர் நான்கு பள்ளிகளில் வேலையைத் தொடங்கினார். பள்ளியிலேயே சிகிச்சை, பிறகு வீடு தேடிப்போய்த் தாயிடம் விளக்கம். ஒரே வருடத்தில் அப்படி விலக்கப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்தது. உங்கள் நிர்வாகத்துக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஆஸ்துமா. செவிலியர் போனில் உடனே வரச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் அலுவலகத்திலிருந்து “இழுப்புச் சத்தம் நின்றுவிட்டது, மெதுவாக வாங்க” என்றார்கள். யாரை நம்புவது?

பதில்: பிள்ளையைக் கண்ணால் பார்த்தவரை. இழுப்புச் சத்தம் நின்றது தேறியதாலும் இருக்கலாம், காற்றே உள்ளே போகாததாலும் இருக்கலாம். பேச முடிகிறதா, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளிழுக்கிறதா என்று செவிலியரிடமே திரும்பக் கேளுங்கள். முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் நீங்கள் போய்ச் சேரும் வரை காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: குழந்தை விழுந்த நேரத்தையும் ஆம்புலன்ஸ் கூப்பிட்ட நேரத்தையும் பதிவேட்டில் “சரிசெய்ய”ச் சொல்கிறார்கள்.

பதில்: செய்யாதீர்கள். உண்மையிலேயே தவறு இருந்தால் பழைய வரி படிக்கும்படி ஒற்றைக் கோடு, கீழே இன்றைய தேதி, நேரம், கையெழுத்தோடு திருத்தம். தவறு இல்லை என்றால், மாற்றச் சொன்ன உத்தரவை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பெரும்பாலும் அந்தப் பேச்சு நின்றுவிடும். பதிவேட்டின் நகலை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், அது குழந்தையின் அந்தரங்கம்.

கேள்வி: எது சரி என்று தெரிந்தும் தினமும் அதைச் செய்ய முடியாமல் போகிறது. இரவில் தூக்கம் இல்லை. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: இது உங்கள் பலவீனம் அல்ல, அம்மா. சரியானது தெரிந்தும் நிறுவனம் அதைச் செய்யவிடாதபோது வரும் வேதனைக்கு 1984-இலேயே ஆண்ட்ரூ ஜேம்டன் தன் செவிலிய அறவியல் நூலில் பெயர் வைத்தார்: அறநெறித் துயரம். அதைத் தனியாகச் சுமப்பதுதான் ஆளை உடைக்கும். பக்கத்துப் பள்ளிகளின் செவிலியர்கள் இரண்டு மூன்று பேரோடு மாதம் ஒரு முறை பேசத் தொடங்குங்கள். உங்கள் பள்ளியில் ஆபத்தான நிலை உள்ள பிள்ளைகள் யார் யார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் மருத்துவர், பெற்றோர், முதல்வர் மூன்று கையெழுத்தோடு ஒரு பக்கத் திட்டம் வாங்குங்கள். முதலில் ஒரே ஒரு பிள்ளை, உங்களுக்கு அதிகம் பயம் தரும் பிள்ளை. இந்தப் பருவம் முடியும்போது எத்தனை திட்டம் கையெழுத்தாகியிருக்கிறது, எத்தனையை முதல்வர் மறுத்தார் என்று பாருங்கள். வேலையை விடுவதா என்பதை அன்றைக்கு முடிவு செய்யுங்கள். எனக்கும் எழுதுங்கள்.