இலவசப் பாதுகாப்புச் சான்றிதழை உலாவி ஏற்குமா?

சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடைக்கு இணையத்தளம் அமைக்கும் ஒருவர், பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஓரிடத்தில் சில நூறு ரிங்கிட் கேட்பதாகவும், வேறிடத்தில் இலவசமாகத் தருவதாகவும் கூறி, எதை உலாவி ஏற்கும் என்று கேட்டிருக்கிறார். இரண்டையும் ஏற்கும்.

இத்தளம் இந்த இணைய முகவரிக்கு உரியதுதான் என்று ஒரு நிறுவனம் கையொப்பமிட்டுத் தரும் மின்னணுச் சீட்டே சான்றிதழ். முன்பு தோட்டத்துக் கடைக்காரர், தோட்ட எழுத்தரான கிராணியின் கையெழுத்தை அடையாளம் கண்ட பிறகே சீட்டுக்குப் பற்று எழுதுவார்; சீட்டின் தாள் என்ன விலை என்று அவர் பார்த்ததில்லை. அதுபோலவே குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி ஆகியவை தாம் நம்பும் நிறுவனங்களின் பட்டியலை வைத்திருக்கின்றன. அதில் இல்லாதவர் ஒப்பமிட்டால், எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் எச்சரிக்கைதான் தோன்றும். 2011இல் டிஜிநோட்டார் என்ற டச்சு சான்றிதழ் நிறுவனத்தின் கணினிகளில் ஊடுருவியவர்கள் அதன் பெயரில் போலிச் சான்றிதழ்களை வெளியிட்டபோது, உலாவிகள் அதைப் பட்டியலிலிருந்தே நீக்கின.

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் சான்றிதழ்களை இலவசமாக வழங்க முடிவதற்குக் காரணம், முகவரி உங்கள் வசம் உள்ளதா என்பதைக் கணினியே சரிபார்ப்பதுதான். வணிகப் பதிவு ஆவணங்களை ஆட்கள் பார்த்துத் தரும் சான்றிதழுக்கு அந்த உழைப்பே விலையாகிறது. மறையாக்கத்தின், அதாவது தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவதன், வலிமை இரண்டிலும் ஒன்றே. சிறு கடைக்கு இலவசமே போதும் என்பேன், காலாவதிக்கு முன் தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு இருந்தால்.

உலாவியில் முகவரிக்கு அருகே பூட்டுச் சின்னம் இருந்தால் கடை நேர்மையானது என்று பலர் எண்ணுகின்றனர். மோசடித் தளமும் தன் சொந்த முகவரிக்கு இதே சான்றிதழைப் பெறலாம்.