நவீன ஓவிய, சிற்பக் கண்காட்சிக்குப் போனால் ஒன்றுமே புரிவதில்லை. சாதாரண ஆள் அதை எப்படிப் பார்ப்பது?

இதே குழப்பத்தோடுதான் நானும் 2014 டிசம்பர் கடைசியில் கோவையிலிருந்து கொச்சிக்கு ரயில் ஏறினேன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி முசிறிஸ் பினாலே இரண்டாம் முறையாக நடந்துகொண்டிருந்தது. கூட அத்தையும் வந்தார். அவர் வந்தது சாந்தா குரூஸ் பேராலயத்தில் பூசை காண, கண்காட்சி எனக்காக.

பெப்பர் ஹவுஸ் என்று ஒரு கட்டடம். பழைய காலத்துக் குடோன், பின்பக்கம் தண்ணீர். உள்ளே பெனிதா பெர்சியாளின் சிற்பங்கள். திருவண்ணாமலையில் பிறந்து சென்னையில் வேலை செய்யும் கலைஞர் அவர். பழைய தேவாலயச் சுரூபங்களைப் போன்ற உருவங்கள். நான் வழக்கம்போலச் சுவரில் ஒட்டியிருந்த விளக்கத்தைப் படிக்கப் போய்விட்டேன். அத்தை நேரே ஒரு சிற்பத்தின் பக்கத்தில் போய் நின்று மூச்சை இழுத்தார்.

"கோயில் வாசம் அடிக்குதுல்ல கண்ணு. பட்டை, கிராம்பும் மணக்குது."

அவர் சொன்னது அத்தனையும் சரி. குந்திரிக்கம், வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசின்களோடு பட்டை, கிராம்பு இவற்றைக் குழைத்துத்தான் பெனிதா அந்த உருவங்களைச் செய்திருக்கிறார். மிளகுக்காகவும் பட்டைக்காகவும் கப்பல்கள் வந்த கடற்கரை அது. இயேசுவின் சீடர் தோமையார் வந்திறங்கியதும் அந்தக் கடற்கரையில்தான் என்பது கேரளக் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. சரக்கு வந்த வழியிலேயே சாமியும் வந்த கதை, அந்தக் குடோனுக்குள் வாசனையாக நின்றது. விளக்கத்தில் மூன்று பத்தியில் எழுதியிருந்ததை அத்தை மூக்கால் படித்துவிட்டார்.

அன்றிலிருந்து என் வழக்கம் மாறிவிட்டது. "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று முதலில் கேட்பதில்லை. இது எதால் ஆனது, ஏன் இந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள், இதன் முன் நிற்கும்போது என் உடம்புக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிறேன். விளக்கத்தைக் கடைசியில்தான் படிப்பேன்.

2016 பினாலேயில் அது கைகொடுத்தது. ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய வணிக வளாகத்தில் ஒரு நீளமான குடோனுக்குள் கடல்நீரை நிரப்பியிருந்தார்கள். சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரீத்தாவின் படைப்பு, 'வலியின் கடல்'. 1973 ராணுவக் கவிழ்ப்பின்போது சிறைபிடிக்கப்பட்டவர் அவர். செருப்பைக் கழற்றி, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். பக்கச் சுவர்களில் 'கேட்கவில்லையா, பார்க்கவில்லையா' என்ற தொனியில் சிறு சிறு கேள்விகள். தண்ணீரில் வேகமாக நடக்க முடியாது, ஒவ்வொரு கேள்வியும் நம்மை நிறுத்திக் கேட்கிறது. எதிர்ச்சுவரை அடைந்தால்தான் அந்தக் கவிதை. கடலில் மூழ்கி இறந்து துருக்கிக் கரையில் ஒதுங்கிக் கிடந்த சிரிய அகதிச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை 2015-ல் உலகமே பார்த்தது. கவிதை, அவனோடு மூழ்கிப்போன அண்ணன் காலிப்பைப் பற்றியது. அவனுக்கு அப்படி ஒரு படம் இல்லை. படித்து முடித்ததும் வெளியே வர வேறு வழி கிடையாது, அதே தண்ணீரில் திரும்பி நடக்க வேண்டும். அந்த நடையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அதே ஆண்டு யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனனின் படைப்பும் இருந்தது. நூலகங்களில் முன்பு அட்டைகள் அடுக்கியிருக்குமே, அந்த மாதிரி மர அலமாரி. போர்க்காலத்தில் மக்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் அட்டைகளில். 1981-ல் நூலகம் எரிந்த ஊர்க்காரர் ஏன் அட்டைப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைக்காதீர்கள். 2014-ல் மட்டும் 94 கலைஞர்கள். ஓடிப் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. நான் ஒரு நாளைக்கு ஐந்தாறு படைப்புகளுக்கு மேல் பார்ப்பதில்லை. அங்கே நிற்கும் தன்னார்வப் பிள்ளைகளிடம் தமிழிலேயே பேச்சுக் கொடுங்கள், பெரும்பாலும் மலையாளத்தில் அழகாக விளக்குவார்கள். கலைக்கல்லூரிப் பிள்ளைகளின் 'மாணவர் பினாலே' நடந்தால் தவறவிடாதீர்கள். என்னைக் கேட்டால் முதலில் அங்கேதான் போகச் சொல்வேன்.

சென்னைக்காரராக இருந்தால் கொச்சி வரை காத்திருக்க வேண்டாம். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் இருக்கிறது. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய ஓவியர் கிராமம். பாத்திக் துணி விற்ற காசில் ஓவியர்கள் கட்டியெழுப்பிய இடம். ஒரு மதியம் போய் வாருங்கள். யாராவது வீட்டுப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் எதன் முன்னால் நிற்கிறார் என்று பாருங்கள்.