வீகன் உணவுக்கு மாறும்போது, விலக்கியவற்றின் இடத்தில் எதை வைப்பது?

கேள்வி: எனக்கு வயது 34, எடை 60 கிலோ, உட்கார்ந்தே செய்யும் அலுவலக வேலை. இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாம் உண்டு வளர்ந்தவள். விலங்குகளின் மீதுள்ள அக்கறையால் சென்ற ஆண்டு ஒரே நாளில் அனைத்தையும் நிறுத்தினேன். காலையில் ரொட்டியும் ஜாமும், மதியம் சோறும் காய்கறியும், இரவில் பழங்களும் சாலடும் சாப்பிட்டேன். பாலுக்குப் பதில் பாதாம் பால் குடித்தேன். எப்போதும் பசி, மாலையானால் சோர்வு. புரதம் போதவில்லை என்று அம்மா சொன்னதால் மூன்றாம் வாரம் பயறு வகைகளை நிறையச் சேர்த்தேன். வயிறு உப்பி, வலியெடுத்து, எல்லாவற்றையும் கைவிட்டேன். மீண்டும் தொடங்க விரும்புகிறேன். பி12 மாத்திரை இல்லாமல் இயற்கையாகச் சமாளிக்க முடியாதா? அண்மையில் எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.4 என்று வந்தது. அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறது.

பதில்: சென்ற ஆண்டு உங்களுக்கு மனவுறுதி குறைந்துவிட்டது என்று நினைத்து வருந்தாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு நாள் உணவைப் படித்தாலே காரணம் தெரிந்துவிடுகிறது. ரொட்டி, சோறு, காய்கறி, பழம், பாதாம் பால் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் 30 கிராமைத் தொடுவதே கடினம். உங்கள் எடைக்கு வழக்கமான பரிந்துரைப்படி கிலோவுக்கு 0.8 கிராம் என்று வைத்தாலும் 48 கிராம் தேவை. தாவரப் புரதம் சற்றுக் குறைவாகவே செரிக்கும் என்பதால், கிலோவுக்கு ஒரு கிராம் என்று 60 கிராமை இலக்காகக் கொள்வதையே நான் விரும்புகிறேன். இறைச்சியையும் முட்டையையும் பாலையும் எடுத்துவிட்ட இடம் உங்கள் தட்டில் காலியாகவே இருந்திருக்கிறது. பசியும் சோர்வும் அந்தக் காலி இடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த அளவில் அம்மாவின் அச்சம் நியாயமானது. ஆனால் தாவர உணவில் போதிய புரதம் கிடைக்கவே கிடைக்காது என்று அவர் கருதினால் அது சரியன்று.

வேகவைத்த பருப்பு ஒரு கோப்பையில், அதாவது சுமார் 200 கிராமில், ஏறத்தாழ 18 கிராம் புரதம் இருக்கிறது. சோயா பால் 250 மில்லியில் 7 முதல் 8 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலையிலும் அதே அளவு. கெட்டியான டோஃபு, அதாவது சோயா பனீர், 100 கிராமில் சுமார் 12 கிராம். இவை நான்கையும் ஒரு நாளில் சேர்த்து, வழக்கமான தானியங்களையும் உண்டால் 60 கிராம் எளிதாக வந்துவிடும். தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறு வகைகளில் அது நிறைவு. ஆகவே இரண்டும் உணவில் இருக்க வேண்டும். ஆனால் ஒரே வேளையில் ஒன்றாகச் சேர்த்துத்தான் உண்ண வேண்டும் என்பதில்லை. ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும். பாதாம் பாலைப் பற்றி ஒரு வார்த்தை: பாதாம் புரதம் மிகுந்த பருப்பு என்பது உண்மைதான், ஆனால் கடையில் விற்கும் பாதாம் பாலில் பெரும்பகுதி தண்ணீர், ஒரு கோப்பையில் ஒரு கிராம் அளவுக்கே புரதம் இருக்கும். மாட்டுப் பாலின் இடத்தில் வைக்கத் தகுந்தது, புரத அளவில் சோயா பால்தான்.

இனி வயிற்று உப்புசம். பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதிக்கப்படுகின்றன. அப்போது வாயு உண்டாகிறது. இது நோயன்று, பயறு உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கான அடையாளமும் அன்று. பழகாத குடலுக்கு ஒரேயடியாகப் பெருஞ்சுமை கொடுத்ததன் விளைவு. ஆகவே இம்முறை எதையும் விலக்குவதற்கு முன்பே சேர்க்கத் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் நீங்கள் இப்போது உண்பதை உண்டபடியே, தினமும் நான்கைந்து மேசைக்கரண்டி பருப்பை மட்டும் சேருங்கள். தோல் நீக்கிய உடைத்த பருப்பும் டோஃபுவும் முதலில். முழுப் பயறும் கொண்டைக்கடலையும் பிறகு. முழுப் பயறை இரவு முழுதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் விரலால் நசுக்கினால் மாவாகும் அளவுக்கு வேகவையுங்கள். நார்ச்சத்து கூடும்போது தண்ணீரும் கூட வேண்டும். இல்லாவிட்டால் உப்புசம் போய் மலச்சிக்கல் வந்து நிற்கும்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு வேளையாக மாற்றுங்கள். காலை உணவில் தொடங்குவதே நல்லது என்பது என் அனுபவம். பெரும்பாலானோர் காலையில் ஒன்றையே திரும்பத் திரும்ப உண்பதால், அதை ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் வாரத்தில் ஏழு வேளை முடிந்துவிடுகிறது. எட்டு வாரத்தில் முழுமையாக மாறிவிடலாம். பத்து வாரமானாலும் குற்றமில்லை. பாலும் சீஸும்தான் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும்; பொட்டலங்களின் உட்பொருள் பட்டியலில் பாலிலிருந்து வரும் மோர்ப்புரதம், கேசீன், லாக்டோஸ், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் ஆகிய பெயர்கள் கண்ணில் படப் பழகும்வரை பொறுமையாகப் படியுங்கள். பால் கலக்காதது என்று முகப்பில் அச்சிட்டிருக்கும் சில பொருள்களில்கூடக் கேசீன் இருப்பதுண்டு. மருந்துக் குளிகைகளின் உறை பெரும்பாலும் ஜெலட்டின்தான். ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது பி12 பற்றிய கேள்விதான். இதில் நான் எந்த நெகிழ்வும் காட்ட மாட்டேன்: வீகன் உணவில் இருப்பவர், வயது எதுவாயினும், பி12-ஐ மாத்திரையாகவோ செறிவூட்டப்பட்ட உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். இந்த வைட்டமினைச் செடியும் உருவாக்குவதில்லை, விலங்கும் உருவாக்குவதில்லை, பாக்டீரியாக்களே உருவாக்குகின்றன. ஆடு மாடுகளின் வயிற்றில் வாழும் பாக்டீரியாக்கள் தயாரிப்பது அவற்றின் இறைச்சிக்கும் பாலுக்கும் வருகிறது. மாத்திரையில் இருப்பதும் தொழிற்கூடத்தில் பாக்டீரியாக்கள் தயாரித்ததே. ஆகவே மாத்திரை எடுப்பதால் உங்கள் உணவு இயற்கைக்கு மாறானதாகிவிடுவதில்லை. இடையில் இருந்த விலங்கு விலகிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஸ்பைருலினாவும் கடற்பாசியும் போதும் என்று சிலர் சொல்வார்கள். அவற்றில், குறிப்பாக ஸ்பைருலினாவில், உள்ளதில் பெரும்பகுதி பி12 போலவே தோற்றமளித்து உடலில் வேலை செய்யாத போலி வடிவம். அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இதில் ஏமாறுவது எளிது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, கல்லீரலில் உள்ள சேமிப்பு. இறைச்சி உண்டு வளர்ந்தவரிடம் அது சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு இருக்கலாம். அதனால் மாத்திரை இல்லாமலே ஓராண்டு, ஈராண்டு நன்றாக இருந்துவிட்டு, எனக்குத் தேவைப்படவில்லை என்று ஒருவர் மனப்பூர்வமாக நம்பக்கூடும். இரண்டாவது, கீரையிலும் பயறிலும் நிறைந்திருக்கும் ஃபோலேட் என்ற மற்றொரு பி வைட்டமின். பி12 குறைந்தால் வழக்கமாக ரத்தசோகை வந்து எச்சரிக்கும். ஃபோலேட் மிகுதியாக இருந்தால் அந்த எச்சரிக்கை மறைந்துபோகலாம், ஆனால் நரம்புகளின் சேதம் நிற்பதில்லை. பாதங்களில் மரத்துப்போன உணர்வு, ஊசி குத்துவது போன்ற கூச்சம், நடையில் தடுமாற்றம், மறதி என்று அது வெளிப்படும்போது காலம் கடந்திருக்கும். நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் சில பாதிப்புகள் திரும்பாமலே போவதுண்டு.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம். மாத்திரையில் இருக்கும் எண்ணோ பல மடங்கு பெரிதாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். குடலில் பி12-ஐ உள்வாங்கும் வழி ஒரு வேளைக்கு 1.5 முதல் 2 மைக்ரோகிராம் அளவிலேயே நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் உள்ளதில் சுமார் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே செல்லும். அதனால்தான் அடிக்கடி எடுத்தால் சிறிய அளவும், எப்போதாவது எடுத்தால் பெரிய அளவும் தேவைப்படுகின்றன. தினமும் என்றால் குறைந்தது 10 மைக்ரோகிராம், வாரத்துக்கு ஒருமுறை என்றால் 2000 மைக்ரோகிராம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஏற்கெனவே குறைபாடு இருப்பவருக்கு இது போதாது; அதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நெடுங்காலம் எடுப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் அந்த மருந்துகள் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கின்றன.

உங்கள் ஹீமோகுளோபின் 11.4 என்பதைப் பற்றி: கருவுறாத பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அதாவது வீகன் உணவைத் தொடங்கும் முன்பே உங்களுக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. இதை உணவு மாற்றத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல், ஃபெரிடின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி ஆகிய பரிசோதனைகளை இப்போதே செய்து, மருத்துவரிடம் காட்டி, தேவையான சிகிச்சையைத் தொடங்கிவிட்டுப் பிறகு மாறுங்கள். தொடக்க நிலை என்ன என்று தெரிந்திருந்தால்தான், ஆறு மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனைக்குப் பொருள் இருக்கும்.

தாவர உணவில் இரும்புச்சத்து இல்லாமலில்லை. அது உடலில் சேர்வதில்தான் சிக்கல். பயறிலும் தானியத்திலும் உள்ள ஃபைட்டேட் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் மூன்றும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. துத்தநாகத்துக்கும் இதே வழி உதவும். உண்ணும் வேளையிலேயே எலுமிச்சை, கொய்யா, ஆரஞ்சு, பச்சைக் குடைமிளகாய் என்று வைட்டமின் சி உள்ள ஒன்றைச் சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். தேநீரையும் காப்பியையும் உணவோடு குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். உணவில் வேறு எதையும் மாற்றாமல், தேநீர் குடிக்கும் நேரத்தை மட்டும் மாற்றினாலே பயன் உண்டு என்பதால் இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

கால்சியம் பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் அளவில் தேவை. கீரை என்றாலே கால்சியம் என்று எண்ணிவிட முடியாது: பாலக் கீரையில் கால்சியம் இருந்தாலும், அதிலுள்ள ஆக்சலேட் தடுப்பதால் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்கே உடலில் சேரும். ப்ரோக்கோலியும் முட்டைக்கோஸ் வகைகளும் இவ்வகையில் மிக மேலானவை. கால்சியம் சேர்த்து உறையவைத்த டோஃபுவும், கால்சியம் செறிவூட்டிய சோயா பாலும்தான் உங்களுக்கு அன்றாடம் கைகொடுக்கும். அந்தப் பால் பெட்டியை ஒருநாள் அசைக்காமல் ஊற்றிப் பாருங்கள். கடைசிக் கோப்பையில் வெண்சுண்ணம் போன்ற பொடி அடியில் தங்கியிருக்கும். அதுதான் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய கால்சியம். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்: பிரிட்டனில் சுமார் 55,000 பேரை ஏறத்தாழ 18 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், இறைச்சி உண்பவர்களைவிட வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகமாக இருந்தது. குறைந்த கால்சியம், குறைந்த புரதம், குறைந்த உடல் எடை ஆகியவை அதன் காரணங்களில் ஒரு பகுதியையே விளக்கின. எனவே எடை குறைவதைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், கால்சியத்தையும் புரதத்தையும் கவனிப்பதோடு, வாரத்தில் இரண்டு நாளாவது பளு தூக்கும் பயிற்சியும் செய்யுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துங்கள். அயோடின் சேர்க்காத கல்லுப்பும் பாறையுப்பும் அதற்கு ஈடாகா. வைட்டமின் டி வெயிலில் கிடைக்காதவர்களுக்கு மாத்திரை தேவைப்படும். டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுவதால், லைக்கன் என்ற பாசியும் பூஞ்சையும் இணைந்த உயிரியிலிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டிருப்பதையோ டி2-ஐயோ கேட்டு வாங்குங்கள். ஒமேகா 3-க்கு தினமும் ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடி போதும். முழு விதையாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும் என்பதால் பொடித்தே உண்ண வேண்டும்.

குழந்தை பற்றிய எண்ணம் இருப்பதால், சிகிச்சை தொடங்கியதும் இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடாமல் தொடங்கி, கருவுறுவதற்கு முன்பு ஆறு மாதமாவது நிலைபெறச் செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை. ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் எல்லாப் பெண்களுக்கும் கருவுறும் முன்பே தேவை. ஆளி விதையிலுள்ள ஒமேகா 3 சிசுவின் மூளைக்கு வேண்டிய டிஹெச்ஏவாக மிகச் சிறிதளவே மாறுகிறது. மீன்களும் அதைப் பாசியிலிருந்தே பெறுகின்றன என்பதால், பாசி எண்ணெய்க் குளிகை உங்களுக்கு நேர்வழி. கர்ப்பத்தில் அயோடின் தேவை கூடும். ஆனால் அளவு தெரியாத கடற்பாசிப் பொடிகளை அதற்காக நாட வேண்டாம், அயோடின் மிகுதியும் தைராய்டுக்குக் கேடு. தாய்ப்பாலில் உள்ள பி12 தாய் எடுத்துக்கொள்வதைப் பொறுத்தது. தாயிடம் குறைவு வெளியில் தெரியாமலிருக்கும்போதே குழந்தையின் வளர்ச்சி பின்தங்கிவிடக்கூடும். ஆகவே பாலூட்டும் காலம் முடியும்வரை அந்த மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது. தாய்ப்பால் போதாமல் போனால், குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை கைக்குழந்தைகளுக்கென்றே தயாரித்த பால்மாவு மட்டுமே தகும். நாம் குடிக்கும் சோயா பாலோ பாதாம் பாலோ அதன் இடத்தில் ஒருபோதும் வைக்கத் தக்கவை அல்ல. முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போதே நீங்கள் வீகன் உணவில் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், அவருடைய கேள்விகளை அவரே அங்கு கேட்கட்டும்.