ஷிஃப்ட் வேலை, ஒற்றை அறை வீடு: தனி ஜெபத்தில் நிலைத்திருப்பது எப்படி?

கேள்வி: வீடு கொருக்குப்பேட்டையில், ஒரே அறை. மணலியில் ஷிஃப்ட் வேலை. ஒவ்வொரு புது வருஷமும் வேத வாசிப்பும் ஜெபமும் தொடங்கி ஒரு மாதத்தில் விட்டுவிடுகிறேன். என்ன செய்தால் நிலைக்கும்?

பதில்: உங்களுக்கு வாஞ்சை இருக்கிறது, இல்லையென்றால் ஒவ்வொரு வருஷமும் மறுபடி தொடங்க மாட்டீர்கள். பிசகு நீங்கள் எடுத்துக்கொள்ளும் அளவில்தான்.

வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்குச் சற்று மேல் வேண்டும். ஜனவரி 1-ல் ஆதியாகமத்தில் தொடங்கி நாளுக்கு மூன்று படித்தால், ஜனவரி 25-ல் யாத்திராகமம் 25-க்கு வருவீர்கள். அங்கே இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் நீள அகலம் எத்தனை முழம் என்ற கணக்கு ஆரம்பம். ஜனவரி 31-ல் லேவியராகமத்தின் பலிகள். சரியாக அந்த நேரத்தில் ஒரு நைட் ஷிஃப்ட் வாரம் வந்து நான்கு நாள் தவறினால் 12 அதிகாரம் பாக்கி. பாக்கி ஏற ஏற வேதப்புத்தகத்தைக் கையில் எடுக்கவே கூச்சமாகிவிடும். பலரும் நின்றுபோகிற இடம் இதுதான்.

அதனால் முதலில் மாற்கு சுவிசேஷத்தில் நாளுக்கு அரை அதிகாரம், கூடவே ஒரு சங்கீதம். மாற்கில் 16 அதிகாரம், 32 நாளில் முடியும். ஒரு நாள் தவறினால் அதை ஈடுகட்ட முயல வேண்டாம். விட்ட இடத்திலிருந்து அன்றைய பங்கை மட்டும் படியுங்கள். அடுத்து பிலிப்பியர், ரூத், ஆதியாகமம் என்று போகலாம். பழைய மொழிபெயர்ப்பின் நடை புரியாத இடங்களில் 1995-ல் வந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள். இந்த வாரம் 6-2, அடுத்த வாரம் 2-10, அதற்கடுத்து 10-6 என்று மாறும்போது 'காலை 5 மணி ஜெபம்' என்ற தீர்மானம் மூன்றில் ஒரு வாரம்கூடத் தாங்காது. தூங்கி எழுந்து, பல் துலக்கி, டீ குடிப்பதற்கு முன் என்று வையுங்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்கி மதியம் 2 மணிக்கு எழுந்தாலும் அதுதான் உங்கள் அதிகாலை. 20 நிமிடம் போதும்: வாசிப்புக்கு 10, ஜெபத்துக்கு 10.

இடம்தான் நம் பக்கத்தில் பெரிய சிக்கல். கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்னார் ஆண்டவர் (மத்தேயு 6:6). பூட்டிக்கொள்ள இன்னொரு அறை இல்லாதவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் வேலைக்குப் போகிற வழியில் எந்த ஆலயம் எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்று கேட்டுவையுங்கள். தண்ணீர் லாரி வருகிற நேரத்தில் மட்டும் உட்காராதீர்கள், காதெல்லாம் தெருவில்தான் இருக்கும். போனில் படிப்பதைவிட அச்சுப் புத்தகம் நல்லது. வசனத்தின் நடுவில் வாட்ஸ்அப் வந்து விழாது.

எப்படிப் படிப்பது? மாற்கு 1:32-38-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை படியுங்கள், ஒருமுறை வாய்விட்டு. சாயங்காலம் பட்டணம் முழுவதும் வாசலில் கூடியிருக்கிறது. விடியும் முன்பே இயேசு வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். சீமோன் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். அவரோ அந்தக் கூட்டத்திடம் திரும்பாமல், அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். ஜெபத்திலிருந்து எழுந்தவருக்கு எதை மறுக்க வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. அதை அப்படியே உங்கள் ஜெபமாக்குங்கள்: 'ஆண்டவரே, இன்று என்னைத் தேடி வரும் வேலைகளில் எதை நான் விட வேண்டும்?' படித்ததிலிருந்தே பேசத் தொடங்கினால், ஐந்தாவது நிமிடம் வார்த்தை தீர்ந்துபோவதில்லை.

புது வருஷத்தில் ஒரு வசனத்தோடு கிடைக்கிற வாக்குத்தத்த அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்கிற எரேமியா 29:11 பல வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் பாபிலோனில் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தவருக்குத்தான் மார்ச் மாதத்திலும் அந்த வசனம் ஆறுதல் தரும்.

ஜெபத்துக்கு ஒரு 40 பக்க நோட்டு போதும். கிழமைக்கு ஒரு பக்கம்: திங்கள் வீட்டார், செவ்வாய் கூட வேலை செய்கிறவர்கள், புதன் நோயாளிகள், இப்படி. மனது வறண்டுபோன நாளில் சங்கீதம் 13-ஐயோ 88-ஐயோ வாய்விட்டுப் படியுங்கள். 88-ம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. அதையும் ஜெபமென்றே வேதம் வைத்திருக்கிறது. கண்ணீர் வந்தால்தான் ஜெபம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இது பெரிய விடுதலை.

உபவாசத்தை ஒரு வேளையில் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை காலை உணவை விட்டால் போதும். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். வழக்கமான டீயைத் திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும், முந்தின இரண்டு மூன்று நாளிலேயே குறைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது. மே வெயிலில் இயந்திரத்தின் முன் நிற்கிறவர்கள் விடுமுறை நாளுக்கு மாற்றிக்கொள்ளட்டும், ஆண்டவர் அதைக் குறையாக எண்ண மாட்டார். முடிக்கும்போது பிரியாணி வேண்டாம், கஞ்சி போதும். சாப்பிடும் நேரத்தை ஜெபத்துக்குக் கொடுங்கள். மிச்சமான காசைப் பசித்தவருக்குக் கொடுங்கள், ஏசாயா 58:7 கேட்பது அதைத்தான். இந்த இரண்டும் இல்லாவிட்டால் அது வெறும் பட்டினி.

குடும்ப ஜெபம் 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு பாட்டு, ஒரு சிறு பகுதி, பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வரி ஜெபம். அப்பாவின் ஜெபம் நீள நீள பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

ஒரே சபையில் நிலையாக இருங்கள். ஞாயிறு காலை ஷிஃப்ட் என்றால் மாலை ஆராதனைக்குப் போங்கள். திருவிருந்து எந்த வாரம் என்று ஆயரிடம் கேட்டு, முடிந்தால் அந்த ஞாயிறு ஷிஃப்டை முன்கூட்டியே மாற்றி வாங்குங்கள். சபையில் நம்பிக்கையான ஒருவரிடம், ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண், வாரம் ஒருமுறை ஒரே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: 'இந்த வாரம் எந்தப் பகுதி படித்தீர்கள், அதில் எதற்குக் கீழ்ப்படிய வேண்டியிருந்தது?' வாட்ஸ்அப் குரூப்பில் கேட்க வேண்டாம், நேரிலோ போனிலோ கேட்கட்டும்.