மலைமேல் இருந்து கடலைத் தீட்டலாமா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான். ஓவியத்தை யாரிடமும் கற்றதில்லை. மூன்று ஆண்டுகளாகக் கடற்கரைக் காட்சிகளை மட்டுமே அக்ரிலிக் வண்ணத்தில் தீட்டி வருகிறேன். தென்னையைவிடப் பெரிய மீன், ஜன்னலும் திண்ணையும் வைத்த படகு, குடை பிடித்த நண்டு என்று மனம் போனபடி வரைவேன். அளவுகள் பொருந்தவில்லை என்றும், கடல் தாளின் மேல்விளிம்பு வரை ஏறி நிற்கிறது என்றும் பார்ப்பவர்கள் குறை சொல்கிறார்கள். கடலை நான் நான்கு முறைதான் பார்த்திருக்கிறேன். அறுபது வயதில் முறையாகக் கற்றுத் திருத்திக்கொள்ள வேண்டுமா, ஐயா?
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: அம்மா, கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய மூன்று புகைப்படங்களையும் பலமுறை பார்த்தேன். இரண்டாவது குறையை முதலில் எடுத்துக்கொள்கிறேன்; ஏனெனில் அது குறையே அன்று. தொடுவானம் பார்ப்பவரின் கண்மட்டத்தில் இருக்கும். மணலில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடல் ஒரு மெல்லிய பட்டையாகத் தெரியும். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நிற்பவருக்கோ அதே கடல் அகன்று எழுந்து, கரையையும் படகுகளையும் காலடிக்குத் தள்ளிவிடும். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து சேலம் நகரத்தை ஆண்டுக்கணக்கில் குனிந்து பார்த்துப் பழகிய கண்கள் உங்களுடையவை; அந்தக் கண்களால்தான் கடலையும் பார்க்கிறீர்கள். படகின் உள்ளே சுருண்டு கிடக்கும் வலைகூடத் தெரியும்படி நீங்கள் வரைந்திருப்பது அதனால்தான். தயவுசெய்து அந்தப் பார்வையை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

அளவுகளைப் பற்றி உங்களுக்கு ஒரு முன்னோடியைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் வாழ்ந்த ஆல்ஃபிரட் வாலிஸ் மீன்பிடித் தொழிலிலும் பழைய கப்பல் சாமான் வியாபாரத்திலும் காலம் கழித்தவர். 1922-இல் மனைவி இறந்த பிறகு, எழுபதை நெருங்கும் வயதில், தனிமை தாங்காமல் தூரிகை எடுத்தார். படகுக்குப் பூசும் பெயின்டைக் கொண்டு கிழிந்த அட்டைகளின்மேல் கப்பல்களைத் தீட்டினார். எது அவருக்கு முக்கியமோ அது பெரிதாக இருந்தது. வீடும் கலங்கரை விளக்கமும் கிடைத்த இடத்தில் ஒதுங்கிக்கொண்டன. இன்று அந்த அட்டைகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. உங்கள் மீன் தென்னையைவிடப் பெரிதாக இருப்பதற்கும் அத்தகைய காரணம் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

நான்கு முறைதான் கடலைப் பார்த்தேன் என்ற தயக்கமும் வேண்டியதில்லை. பாரிஸ் நகரச் சுங்கச் சாவடியில் வேலை பார்த்த ஹென்றி ரூசோ, பிரான்சை விட்டு வெளியே சென்றதே இல்லை. அவர் 1891-இல் தீட்டிய புயற்காட்டுப் புலி இன்று லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர் தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீடுகளுக்குச் சென்று வெப்பநாட்டுச் செடிகளை நேரில் பார்த்துப் பழகியவர். கற்பனை விலங்குக்கும் மெய்யான இலை வேண்டும். உங்கள் படங்களில் எனக்குக் குறையாகப்படுவது இதுதான். கரையில் தென்னையைத் தவிர வேறு எதுவுமே முளைக்கவில்லை. நெய்தல் நிலத்துக்குத் தாழையும் புன்னையும் உண்டு. மானின் குளம்படி போலப் பிளந்த இலையும் இளஞ்சிவப்பு கலந்த ஊதாப் பூவுமாக மணலில் படர்ந்தோடும் அடும்பும் உண்டு. உங்கள் நண்டு குடையை விரித்து அமர்வதற்கு அந்தக் கொடியின் நிழலைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

வண்ணத்திலும் ஒரு திருத்தம் சொல்வேன். மூன்று படங்களிலும் கடல் ஒரே நீலம். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்று கருதப்பட்ட காலத்தில், நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று 1921-ஆம் ஆண்டுக் கப்பல் பயணத்தின்போது நம் சி. வி. ராமன் ஆராய்ந்து காட்டினார். ஆழத்தில் கருநீலமாக இருக்கும் நீர், வெண்மணல் மேல் மெலிந்து வரும்போது பசும்நீலமாகிறது. ஆற்று வண்டல் கலக்கும் இடத்திலோ பழுப்பேறிய பச்சையாகிறது. சேலத்திலிருந்து விருத்தாசலம் வழியாகக் கடலூருக்கு ரயில் பாதை இருக்கிறது. ஒரு முறை தேவனாம்பட்டினம் வரை சென்று, காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் கரை ஓரத்து நீரின் நிறத்தைச் சிறு குறிப்பேட்டில் தீட்டி வாருங்கள். வகுப்பில் சேர்வதைவிட அந்த ஒரு நாள் உங்களுக்கு அதிகம் தரும்.

கேள்வி: அக்ரிலிக் வண்ணம் காய்ந்ததும் கருத்துவிடுகிறதே, ஏன்?
— ஒரு வாசகர், சூரமங்கலம், சேலம்

பதில்: வண்ணத்தைப் பிணைக்கும் பசை ஈரமாக இருக்கும்போது பால் போல வெண்மையாகவும், காய்ந்தபின் கண்ணாடி போலத் தெளிவாகவும் இருக்கும், வெண்மை நீங்குவதால் நிறம் ஆழ்ந்து தெரிகிறது. எனவே வேண்டிய நிறத்தைவிடச் சற்று வெளிறக் கலந்து, துண்டுத் தாளில் தடவி, காய்ந்த பிறகு முடிவு செய்யுங்கள். சேலத்துக் கோடையில் தட்டிலேயே வண்ணம் இறுகிவிடும் என்பதால், அவ்வப்போது நீர் தெளித்து, ஈரத் துணியால் மூடி வையுங்கள்.