ஐந்து நாள் வகுப்பைப் பன்னிரண்டு வாரமாக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பயிற்சி மையத்தில், செயற்கை நுண்ணறிவுச் சான்றிதழ்த் தேர்வு எழுதும் பணியாளர்களுக்காக ஐந்து நாள் நேரடி வகுப்பு நடத்திவருகிறோம். ஒரு வாரம் முழுவதும் ஊழியர்களை அனுப்ப நிறுவனங்கள் தயங்குவதால், அதையே அவரவர் வேகத்தில் படித்துக்கொள்ளும் மூன்று மாத இணையவழிப் பயிற்சியாக மாற்ற எண்ணியிருக்கிறோம். வகுப்பைப் படம்பிடித்துச் சிறு சிறு காணொளிகளாகப் பிரித்துக் கொடுத்தால் போதுமா?
– பயிற்சி மைய நிர்வாகி, கோயம்புத்தூர்

பதில்: போதாது, ஆனால் உங்கள் எண்ணம் சரியானதே. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் என்று கொண்டால், ஐந்து நாள் வகுப்பு 30 மணி நேரம் ஆகிறது. அதைப் பன்னிரண்டு வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான். வேலைக்குப் போகிறவர் ஒதுக்கக்கூடிய நேரம் அது. ஒரே மூச்சில் படித்ததைக் காட்டிலும் இடைவெளி விட்டுப் படித்ததே மனத்தில் தங்குகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹாஸ் 1885ஆம் ஆண்டிலேயே தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு எழுதிவைத்தார். பின்னர் வந்த ஆய்வுகளும் அதை உறுதிசெய்துள்ளன. ஆயினும் அந்தப் பயன் கிடைக்க வேண்டுமானால் முன்பு படித்தது மீண்டும் மீண்டும் எதிரே வந்து நிற்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் கற்றதை ஏழாம் வாரத்து வினா திரும்பக் கேட்க வேண்டும். அதுவும் காணொளியைத் திறந்து பார்க்காமல் விடை சொல்லும்படி கேட்க வேண்டும். அப்படி அமைக்காமல் காலத்தை மட்டும் நீட்டுவது, மோரில் மேலும் தண்ணீர் விட்டு இன்னும் நாலு பேருக்கு ஊற்றுவதைப் போன்றது.

நேரடி வகுப்பிலிருந்து இணையத்துக்கு மாறும்போது முதலில் காணாமல் போவது, பயிற்சியாளர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் பிழையைச் சுட்டிக்காட்டும் அந்த ஒரு நிமிடம்தான். வங்கிக் கடன் தவணை தவறக்கூடியவரை முன்கூட்டியே கணிக்கும் பயிற்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரவில் ஒரே வாடிக்கையாளருக்குப் பல மாதப் பதிவுகள் இருக்கும். கற்பவர் வரிசைகளைக் குலுக்கி, எண்பது சதவீதத்தை மாடலுக்கு, அதாவது தரவைப் பார்த்துக் கற்றுக் கணிக்கும் நிரலுக்கு, கற்றுக்கொடுக்கவும் இருபது சதவீதத்தை அதைச் சோதிக்கவும் ஒதுக்கினால், ஒரே ஆளின் பதிவுகள் இரு பக்கமும் போய் விழுகின்றன. கடன் தவறும் போக்கைக் கற்பதற்குப் பதிலாக மாடல் அந்த ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது. திரையில் 97 சதவீதத் துல்லியம் என்று வருகிறது. வகுப்பில் என்றால் பயிற்சியாளர் “இந்த வாடிக்கையாளர் அந்தப் பக்கமும் இருக்கிறாரே” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்வார். வீட்டில் இரவு பத்து மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பவரோ மகிழ்ச்சியோடு மடிக்கணினியை மூடிவிடுவார். அந்தத் தவறு அவரோடு அலுவலகம் வரை போகும்.

ஆகவே இணையவழிப் பயிற்சியில் அந்த ஒரு வார்த்தையைப் பயிற்சித் தாளே சொல்லும்படி செய்ய வேண்டும். முற்றிலும் புதிய வாடிக்கையாளர்களின் பதிவுகளை நீங்கள் மறைத்து வைத்துக்கொண்டு, கற்பவர் ஒப்படைத்த மாடலை அவற்றின்மீது ஓடவிட்டு மதிப்பெண் கொடுங்கள். 97 இருந்த இடத்தில் 70 வந்தால் அவரே காரணத்தைத் தேடத் தொடங்குவார். அவர் தம் விளக்கத்தை எழுதி அனுப்பிய பிறகு உங்கள் விளக்கக் காணொளி திறக்கட்டும். இப்படிப்பட்ட பயிற்சி ஒன்றை உருவாக்க, காணொளி எடுப்பதைவிடப் பல மடங்கு உழைப்புத் தேவைப்படும். உங்கள் செலவுத் திட்டத்தில் ஒளிப்பதிவுக்கு ஒதுக்கியிருக்கும் தொகையில் பாதியை இதற்கு மாற்றுங்கள் என்பதே என் யோசனை.

அடுத்தது கெடு. 2011ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டபோது ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவுசெய்தனர். முடித்தவர்களோ 23,000 பேர் அளவில்தான். வாரந்தோறும் கெடு இருந்த பாடத்திலேயே அந்த நிலை. ஹார்வர்டு, எம்.ஐ.டி. நிறுவனங்கள் எடெக்ஸ் தளத்தில் நடத்திய படிப்புகளைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வின்படி, 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் மூன்று சதவீதத்தை ஒட்டியே இருந்தனர். கட்டணம் செலுத்திச் சான்றிதழ்ப் பிரிவில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேர் முடித்தனர். பணம் கட்டியவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் நடுவழியில் நின்றுவிட்டார்கள் என்பதை உங்கள் நிறுவன வாடிக்கையாளர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் கருத்தில், வாரத்தின் எந்த நாளில், எந்த நேரத்தில் படிப்பது என்பதைக் கற்பவரிடம் விடலாம். எந்த வாரத்துக்குள் முடிப்பது என்பதை விடக் கூடாது. நான்கு வாரத்துக்கு ஒரு கெடு, தவறியவருக்கு ஒரு முறை சலுகை, தேர்வு நாளைச் சேரும்போதே பதிவுசெய்துவிடுவது, வாரம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்க ஓர் ஆசிரியர் நேரலையில் இருப்பது ஆகியவற்றோடு நடத்துங்கள்.

கேள்வி: நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். வாரக் கெடு உள்ள படிப்பில் சேர்வதா, கெடுவே இல்லாத கட்டணப் படிப்பில் சேர்வதா? எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம்?
– வாசகி, மதுரை

பதில்: இதுவரை இணையத்தில் எந்தப் படிப்பையும் முழுமையாக முடித்ததில்லை என்றால் கெடு உள்ளதிலேயே சேருங்கள். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். படிப்புகள் 4, 8, 12 வாரக் கால அளவுகளில் இருக்கின்றன. படிப்பதற்குக் கட்டணம் இல்லை, தேர்வுக்கு மட்டும் உண்டு. பன்னிரண்டு வாரப் படிப்பில் சிறந்த எட்டு ஒப்படைவுகளின் சராசரிக்கு 25 மதிப்பெண், கண்காணிப்புடன் நடக்கும் தேர்வுக்கு 75. முதலாவதில் 10, இரண்டாவதில் 30 பெற்றால்தான் சான்றிதழ். நான்கு வாரம் தவறினாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்ற அந்த ஏற்பாடு, வேலை, வீடு இரண்டையும் பார்ப்பவர்களை அறிந்து செய்தது.

மதிப்பைப் பொறுத்தவரை, காணொளிகளைப் பார்த்து முடித்ததற்குத் தளம் தருவது ஒரு வகை. அடையாளம் சரிபார்த்து, தனியே தேர்வு வைத்துத் தருவது இன்னொரு வகை. வேலைக்கு எடுப்பவர் இரண்டாவதையே பொருட்படுத்துவார். அதற்கும் ஆயுள் உண்டு: கூகுள் கிளவுடின் இயந்திரக் கற்றல் பொறியாளர் சான்றிதழ் இரண்டு ஆண்டும், அமேசானின் ஏ.ஐ. பிராக்டிஷனர் சான்றிதழ் மூன்று ஆண்டும் செல்லும். கூகுளின் இயந்திரக் கற்றல் மென்பொருளான டென்சர்ஃபுளோவுக்கான உருவாக்குநர் தேர்வையோ 2024இல் மூடியேவிட்டார்கள். எனவே, ஒரு நிறுவனத்தின் கருவியை மட்டும் சொல்லித்தரும் நீண்ட படிப்புக்குப் பெரிய தொகை கட்டாதீர்கள். சோதனைப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு, மாடலின் விடை சரியா என்று மதிப்பிடும் பாடங்களே உடனடியாகக் கைகொடுக்கும்.

கேள்வி: ஒப்படைவுகளை சாட்ஜிபிடியே எழுதிக்கொடுத்துவிடுகிறது. அப்படியிருக்க, அவரவர் வேகத்தில் வீட்டிலிருந்து படித்ததற்குச் சான்றிதழ் வழங்குவது எப்படி நியாயமாகும்?
– கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஒப்படைவை மட்டும் நம்பி வழங்கினால் நியாயமாகாது. சாட்ஜிபிடியைத் தடைசெய்வதும் வீண். வேலையில் அந்தக் கருவியைத்தான் அவர் பயன்படுத்தப்போகிறார். படிப்பின் முடிவில் காணொளி அழைப்பில் பதினைந்து நிமிட வாய்மொழித் தேர்வு வைக்கலாம். அவர் அனுப்பிய நிரலையே திரையில் திறக்கச் செய்து, ஒரே ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள். ஓடவிடுவதற்கு முன்பு, விடை கூடுமா குறையுமா, ஏன் என்று கேளுங்கள். தாமே செய்தவர் தவறாகச் சொன்னாலும் காரணத்தோடு சொல்வார். முப்பது பேருக்கு ஏழரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்கான ஊதியத்தையும் சேர்த்தே பயிற்சிக் கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும்.