ஒரே ஊசி, ஐம்பது வரிசை

கேள்வி: கொரோனா காலத்தில் அமெரிக்காவில் தடுப்பூசியும் கட்டுப்பாடுகளும் மாநிலத்துக்கு மாநிலம் ஏன் அவ்வளவு மாறின? ஒரே நாடுதானே?

நான் அப்போது நியூஜெர்சியில், எடிசனில் இருந்தேன். தம்பி டெக்சாஸில், பிளேனோவில். பேரனைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்த அம்மா, 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றுபோனதால் எங்களோடு மாட்டிக்கொண்டார். அவருக்கு வயது 67. அதனால் இந்தக் கேள்விக்கு என் வீட்டிலிருந்தே பதில் சொல்ல முடியும்.

தடுப்பூசியை வாங்கியது மத்திய அரசு. மாநிலங்களுக்கு அவற்றின் வயதுவந்தோர் எண்ணிக்கைப்படி பங்கு பிரித்துக் கொடுத்தது. அத்தோடு சரி. யாருக்கு முதலில், எந்த இடத்தில், எப்படிப் பதிவு செய்வது என்பதெல்லாம் மாநிலத்தின் முடிவு. நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொன்னது வெறும் ஆலோசனைதான். சுகாதாரத் தொழிலாளர்களுக்கும் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் அடுத்து, 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் முன்களப் பணியாளர்களுக்கும் போடச் சொன்னார்கள். ஃபுளோரிடா அதைக் கேட்காமல் 2020 டிசம்பரிலேயே 65 வயதுக்காரர்களுக்குத் திறந்துவிட்டது. முதியவர்கள் மடக்கு நாற்காலி போட்டு இரவெல்லாம் தெருவில் வரிசையில் கிடந்தார்கள்.

நியூஜெர்சி 2021 ஜனவரி நடுவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் திறந்தது. அதே நாளில் புகைபிடிப்பவர்களுக்கும் அனுமதி. நோய் முற்றும் ஆபத்து அவர்களுக்கு அதிகம் என்பது மருத்துவக் காரணம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் மனைவி பள்ளி ஆசிரியை. பாதிப் பிள்ளைகள் வகுப்பில், பாதிப் பிள்ளைகள் திரையில் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு மார்ச் நடுவில்தான் முறை வந்தது. அந்த இரண்டு மாதமும் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் குளியலறைக்குப் போவாள். அம்மா பக்கத்தில்கூட வரமாட்டாள்.

அம்மாவுக்கு ஸ்லாட் பிடிக்க நான் பட்ட பாடு தனி. இரவு பன்னிரண்டு மணிக்குமேல் பதிவு செய்யும் இணையப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறப்பேன். நேரத்தைத் தேர்ந்தெடுத்துப் பெயரைத் தட்டி முடிப்பதற்குள் போய்விடும். ஒருவழியாகப் பிப்ரவரியில் எடிசன் கண்காட்சி மையத்தில் கிடைத்தது. குளிருக்காக ரவிக்கைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட் போட்டிருந்தார் அம்மா. கை வெளியே வரவே இல்லை. அந்த நர்ஸ் அவசரப்படுத்தாமல் ஒவ்வொன்றாகக் கழற்ற உதவினார். விசாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஃபுளோரிடாவில் அதற்குள் அங்கே வசிப்பதற்கான சான்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

எனக்கு ஏப்ரல் 19-க்குப் பிறகு. தம்பிக்கு மார்ச் 29 முதலே அனுமதி. அலாஸ்காவில் மார்ச் 9-ஆம் தேதியே 16 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் திறந்தாயிற்று. மாஸ்க் கதையும் அப்படித்தான். டெக்சாஸ் மார்ச் 10-ஆம் தேதி கட்டாயத்தை எடுத்துவிட்டது, நாங்கள் மே கடைசிவரை கடைக்குள் மாஸ்க்கோடு போனோம். அந்த ஆகஸ்டில் நியூயார்க் நகரத்தில் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உணவகத்துக்குள் உட்கார முடியாது. ஃபுளோரிடாவில் அதைக் கேட்கும் கடைக்கே அபராதம் என்று சட்டம்.

காரணம் பழையது. அரசியல் சட்டத்தின் பத்தாவது திருத்தத்தின்படி, மத்திய அரசுக்குக் கொடுக்கப்படாத அதிகாரம் மாநிலத்துக்கு. பொதுச் சுகாதாரம் பெரும்பாலும் அதில் வருகிறது. மாசசூசெட்ஸில் பெரியம்மை ஊசி போட மறுத்தவருக்கு 5 டாலர் அபராதம் போட்ட வழக்கில், மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1905-லேயே சொல்லிவிட்டது. 2022 ஜனவரியில் அதே நீதிமன்றம், பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள் ஊசி போட வேண்டும் அல்லது வாராவாரம் பரிசோதிக்க வேண்டும் என்ற பைடன் அரசின் விதியை நிறுத்தி வைத்தது.

ஆனால் சட்டம் பாதிக் காரணம்தான். 2021 மே மாதத்துக்குப் பிறகு ஊசிக்குப் பஞ்சமே இல்லை. அப்புறமும் ஆகஸ்ட் நடுவில் வெர்மான்ட்டில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் முழுமையாகப் போட்டிருக்க, மிசிசிப்பியில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருந்தது. குடியரசுக் கட்சி ஆண்டால் இப்படித்தான் என்று சொல்லவும் முடியாது. வெர்மான்ட் ஆளுநர் ஃபில் ஸ்காட்டும் அதே கட்சிதான். மிசிசிப்பி மக்களுக்கு ஊசியே ஆகாது என்பதும் தவறு. பள்ளியில் சேரக் கட்டாயமான தடுப்பூசிகளுக்கு மதக் காரணம் சொல்லித் தப்ப அங்கே 2023 வரை வழி கிடையாது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதில் அது நாட்டிலேயே முன்வரிசையில் இருந்த மாநிலம். இந்த ஒரு ஊசியின்மேல்தான் நம்பிக்கை உடைந்தது. தினமும் அரசியல் பேச்சில் அதை இழுத்துப் போட்டு அடித்தார்கள்.

என்னோடு வேலை செய்த ஒரு பெண்மணி அங்கே ஜாக்சன் நகரத்தில் இருந்தார். அந்த ஆகஸ்டில் அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையின் வாகன நிறுத்தத்தில் கட்டில் போட்டு வைத்தியம் பார்த்தார்கள். அவருடைய அண்ணனுக்குப் படுக்கை கிடைக்கவே ஒரு நாள் ஆயிற்று, நாலாம் நாள் போய்விட்டார். மிசிசிப்பியில் மார்ச் 16-லேயே எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். எனக்குக் கிடைப்பதற்கு ஒரு மாதம் முன்பே அந்த அண்ணனுக்கு ஊசி கிடைத்திருக்கும், இலவசமாக, இரண்டு தெரு தள்ளியிருந்த மருந்துக் கடையில். போனில் அந்தப் பெண்மணி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த வாரம் அவருடைய அம்மா தானாகவே அந்தக் கடைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டாராம்.